நயினாதீவுக்கு ஹார்லெம் என்றொரு பெயர்

நியூ யோர்க் நகரின் வடபுறத்தில் ஹார்லெம் என்றொரு பகுதி உண்டு. 1920களில் கறுப்பின மக்களின் இசைக்கும் எழுத்துக்கும் தலைநகராக விளங்கிய இடம். ஒல்லாந்து நாட்டிலுள்ள ஹார்லெம் என்ற ஊரின் பெயரை 1658இல் ஒல்லாந்தர் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அதே 1658இல்தான் அவர்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கோட்டைக்கு மேற்கே கடலில் கிடந்த தீவுகளுக்கும் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். நாகபூசணி அம்மன் வீற்றிருக்கும் நயினாதீவுக்குக் கிடைத்த பெயர் ஹார்லெம்.

இரண்டு ஹார்லெம்களும் பின்னர் ஆங்கிலேயர் கைக்குப் போயின. அமெரிக்காவில் அது 1664இல் நடந்தது. நியூ ஆம்ஸ்ரடாம் நியூ யோர்க் ஆனது. ஹார்லெமையும் லங்காஸ்ரர் என்று மாற்றிப் பார்த்தார்கள், அந்தப் பெயர் ஒட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் 1795 செப்டெம்பரில் நடந்தது. இங்கே கதை தலைகீழ். நயினாதீவை ஹார்லெம் என்று அழைக்க ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. ஒல்லாந்தரோடு பெயரும் கப்பலேறியது. ஆங்கிலேயரின் வரைபடங்களிலும் கோப்புகளிலும் ஒட்டிக்கொண்டு உறுதியாக நிலைத்தது டெல்ஃப்ற்தான். இன்றும் ஆங்கிலத்தில் எழுதப்படும் அரசாங்கக் கடிதத்தில் நெடுந்தீவு டெல்ஃப்ற்தான். ஊர்காவற்றுறையோ அதற்கும் முந்திய போர்த்துக்கேயப் பெயரில் நிற்கிறது. கப்பல் அணையும் துறையைப் போர்த்துக்கேயர் ‘கய்ஸ்’ என்பார்கள். அதுவே ஆங்கிலத்தில் கேயிற்ஸ் ஆயிற்று.

ஆக, ஆங்கில மொழி எங்கே பிறந்தது, எப்படி உலகெங்கும் போனது என்ற நீண்ட கதையைத் தீவகம் எனப்படும் இந்தத் தீவுகளில் நின்றுகொண்டே சொல்லலாம். முதற் சாட்சி ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை. ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். இலங்கையின் வடிவம் உப்பிட்ட பன்றித்தொடை போல இருப்பதாகவும், இந்தக் கோட்டை அதன் குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதாகவும் அவர்களுக்குத் தோன்றியது. பன்றித்தொடைக்கு ஆங்கிலத்திலும் ‘ஹாம்’தான், குதிகாலுக்கும் ‘ஹீல்’தான். ஒல்லாந்த மொழியில் நீர் ‘வாற்றர்’, கை ‘ஹாண்ட்’, பால் ‘மெல்க்’, புத்தகம் ‘பூக்’. ஆங்கிலம் தெரிந்தவருக்கு அகராதி வேண்டாம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் உள்ள உறவு போன்ற ஓர் உறவு இது.

காரணம் எளிது. ஆங்கிலம் இங்கிலாந்தில் முளைத்த மொழி அன்று. அதுவும் படகில் வந்ததுதான். கி.பி. 410 அளவில் உரோமப் படைகள் பிரித்தானியாவைக் கைவிட்டன. அப்போது அந்தத் தீவில் பேசப்பட்டவை இன்றைய வெல்ஷ் மொழியின் மூதாதையான கெல்ரிக் மொழிகள். 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, இன்றைய டென்மார்க், வட ஜெர்மனி, ஒல்லாந்துக் கரைகளிலிருந்து ஆங்கிள், சாக்சன், யூற் எனப்பட்ட கூட்டத்தார் வட கடலைக் கடந்து வந்து குடியேறினர். ஆங்கிள்கள் பேசியது இங்கிலீஷ். ஒல்லாந்தின் வடக்கே இன்றும் பேசப்படும் ஃபிரீசியன் அதற்கு மிக நெருங்கிய உறவுமொழிகளுள் ஒன்று. வந்தவர்கள் ஓரிடத்தவர் அல்லர். இறங்கிய கரைகளும் வேறு வேறு. ஆகவே ஆங்கிலம் பிறந்த நாளிலேயே பல வட்டார வழக்குகளாகத்தான் பிறந்தது. ‘சுத்தமான ஆங்கிலம்’ ஒன்று ஆதியில் இருந்தது, பிறகு கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

793இல் வைக்கிங்குகள் கொள்ளையிட வந்தார்கள். பிறகு குடியிருக்கவும் வந்தார்கள். வானத்துக்கு ‘ஸ்கை’, கத்திக்கு ‘நைஃப்’, முட்டைக்கு ‘எக்’, ‘அவர்கள்’ என்பதற்கு ‘தே’ எல்லாம் அவர்கள் விட்டுச் சென்றவை. 1066இல் நோர்மன்கள் வந்தார்கள். அவர்கள் பேசியது பிரெஞ்சு. அன்றிலிருந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு இங்கிலாந்தின் அரசவையில் ஆங்கிலத்துக்கு இடமில்லை. குடியானவர் மொழி, சமையற்கட்டு மொழி என்று அது கிடந்தது.

இந்த இடத்தில் நயினாதீவுக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். அங்கே அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் வெளியிட்டார். பரதேச வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது ஆணை. ஊராத்துறை என்பது ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு; வேறு சரக்கேற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. இப்படிக் கறாராகக் கணக்குப் பேசும் அந்த ஆணை தமிழில் இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன், இந்தக் கடலில் வந்து போகிறவர்களுக்கு விளங்க வேண்டிய மொழி தமிழ் என்று தெரிந்து வெட்டுவித்தது.

அவன் காலத்தில் இங்கிலாந்தை ஆண்டவன் இரண்டாம் ஹென்றி. 1154இல் அரியணை ஏறி 1189இல் இறந்தவன். இருவரும் ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில் ஆண்டவர்கள். ஹென்றி பேசியது பிரெஞ்சும் இலத்தீனும். வாழ்நாளில் பெரும்பகுதியைப் பிரான்சில் கழித்தவன். தன் குடிகளுக்கு ஆங்கிலத்தில் ஓர் ஆணை பிறப்பிக்கும் எண்ணம் அவனுக்கு வந்திராது. 12ஆம் நூற்றாண்டில் உலகைச் சுற்றி வந்த ஒருவரிடம், ‘இந்த இரண்டில் எது ஒருநாள் உலகத் துறைமுகங்களின் மொழியாகும்?’ என்று கேட்டிருந்தால் அவர் ஆங்கிலத்தைச் சொல்லியிருக்க மாட்டார். மொழியின் இனிமையோ இலக்கண நேர்த்தியோ அதைத் தீர்மானிப்பதில்லை. துறைமுகத்தில் யார் சுங்கம் வாங்குகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

நோர்மன் வெற்றிக்குப் பின் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் அரசன் நான்காம் ஹென்றி முடிசூடியது 1399இல். அதற்குள் ஆங்கிலம் பிரெஞ்சுச் சொற்களை ஆயிரக்கணக்கில் விழுங்கியிருந்தது. பட்டியில் நிற்கும் மாட்டுக்கு ஆங்கிலப் பெயர், தட்டில் வரும் மாட்டிறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயர் என்ற விசித்திரம் அப்போது வந்ததுதான்.

வட்டார வழக்குகளின் சிக்கலுக்கு ஒரு பழைய கதை உண்டு. சொன்னவர் வில்லியம் கக்ஸ்ரன். 1476இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தவர். தேம்ஸ் ஆற்றிலிருந்து சில வணிகர் ஒல்லாந்தின் சீலாண்டுக்குப் பாய்மரக் கப்பலில் புறப்பட்டார்களாம். காற்று விழுந்துவிட்டது. கரையில் ஒரு வீட்டுக்குப் போய் ஒருவர் முட்டை கேட்டார். ‘எனக்குப் பிரெஞ்சு தெரியாது’ என்றாள் அந்த வீட்டுக்காரி. கேட்டவருக்குக் கோபம்; அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, அவர் கேட்டது ஆங்கிலத்தில். கூட வந்த இன்னொருவர் ‘ஐரன்’ வேண்டும் என்றார். அது அவளுக்கு விளங்கிற்று. ‘எக்ஸ்’ வடக்கே வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். ‘ஐரன்’ தெற்கில் பிழைத்திருந்த பழஞ்சொல், ஒல்லாந்தச் சொல்லுக்கு உறவு. எந்தச் சொல்லை அச்சிடுவது என்பதே கக்ஸ்ரனின் கவலை. அந்த வணிகர்கள் போகவிருந்த சீலாண்டின் தலைநகர்தான் மிடில்பேர்க்; பிற்பாடு புங்குடுதீவின் தலையில் வந்து விழுந்த பெயர்.

அச்சு வந்ததும் எழுத்து ஓரிடத்தில் உறையத் தொடங்கியது. நாக்கு உறையவில்லை. 15ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுத்துக்கூட்ட முடியாமல் அழுவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். போதாக்குறைக்குப் படித்தவர்களும் கையை வைத்தார்கள். துறைமேடைக்கு உரிய சொல்லைக் ‘கீ’ என்று சொல்லி அப்படியே எழுதிவந்த ஆங்கிலேயர், பிரெஞ்சு எழுத்தைப் பார்த்துக் ‘குவே’ என்று வாசிக்கும்படி அதன் எழுத்துக்கூட்டலை மாற்றினார்கள். வாயோ இன்றும் ‘கீ’ என்கிறது. ஊர்காவற்றுறையின் கேயிற்ஸ் அதே சொல்லின் போர்த்துக்கேய உறவு.

கப்பல்கள் வந்தபோது சொற்களும் இரு பக்கமும் ஏறி இறங்கின. யாழ்ப்பாணத்து வீட்டில் கதிரையும் மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் பாணும் போர்த்துக்கேயம். கந்தோரும் லாச்சியும் போஞ்சியும் ஒல்லாந்தம். றோட்டும் பஸ்ஸும் லைற்றும் ஆங்கிலம். எதிர்த்திசையில் கட்டுமரமும் சுருட்டும் சங்கும் ஆங்கிலத்துக்குப் போய்க் ‘கற்றமறான்’, ‘ஷெரூற்’, ‘சாங்க்’ ஆயின. சுருட்டு தீவகத்துக்கு வெறும் அகராதிச் சொல் அன்று. யாழ்ப்பாணப் புகையிலையும் சுருட்டும் தென்னிலங்கைக்குப் போன வழியில்தான் தீவார் பலர் வணிகரானார்கள். பனைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பல்மைறா’ போர்த்துக்கேயர் கொடுத்தது. அவர்களுக்கு எல்லாப் பனையினமும் ‘பல்மெய்றா’தான்.

யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் ஆங்கிலேயர் அல்லர் என்பது பலர் மறந்த செய்தி. 1812இல் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டிருந்தது. அதன் சூடு ஆறாத காலத்தில் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசனரிமாரைக் கொழும்பில் வைத்திருக்க அரசாங்கத்துக்கு விருப்பமில்லை, வடக்கே அனுப்பிவிட்டது. டானியல் பூவரும் எட்வேர்ட் வாரனும் 1816இல் தெல்லிப்பழையில் வேலையைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி. 1841இல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘உதயதாரகை’ பத்திரிகை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் இந்தச் செமினரியில் படித்தவர்கள். ஆங்கிலம் கற்ற தாமோதரம்பிள்ளை பின்னாளில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆங்கிலக் கல்வி தமிழை மறக்கடிக்கும் என்று அஞ்சியவர்களுக்கு அது ஒரு பதில். எல்லோருக்கும் பொருந்தும் பதில் என்று சொல்ல முடியாது.

ஆங்கிலம் உத்தியோகம் தந்தது. மண்ணும் மழையும் குறைந்த குடாநாட்டுக்கு அதுவே பெரிய விளைச்சல். கொழும்புக் கந்தோர்களுக்கும், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மலாயாவின் ரயில் நிலையங்களுக்கும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்கள் போனார்கள். வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார். அந்நாட்டின் தேசிய உறுதிமொழியை ஆங்கிலத்தில் வரைந்தவர் அவரே.

தீவகத்தில் வழி சற்று வேறு. கடலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவது எல்லோருக்கும் கைகூடவில்லை. பலர் சிங்களம் கற்றுக்கொண்டு தென்னிலங்கையில் கடை வைத்தார்கள். ஆனால் ஆங்கிலம் கற்றவர்கள் உச்சிக்குப் போனார்கள். வேலணையைச் சேர்ந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி 1936 முதல் 1947 வரை இலங்கை அரசாங்க சபையின் சபாநாயகர். ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளோ ஆங்கிலத்தை வேறொரு வேலைக்கு அமர்த்தினார். தமிழைப் பற்றித் தமிழருக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் போதாது என்று, 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் நூலை ஆய்வாளர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதல் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் கூட்டினார். ஆங்கிலம் தமிழைத் தூக்கிச் சென்ற தருணங்களில் அது ஒன்று.

சரி, போன இடமெல்லாம் ஆங்கிலம் ஒன்றாகவே இருந்ததா? இல்லை. கடல் பிரித்துவிட்ட கிளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: தாய்நாட்டில் மாறிப்போனதைச் சில வேளை அவை காப்பாற்றி வைத்திருக்கும். தமிழருக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டாம். அது, இது என்பவற்றுக்கு நடுவே ‘உது’ என்ற சுட்டு சங்க நூல்களில் உண்டு. தமிழ்நாட்டில் அது வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தில் ‘உதென்ன’, ‘உவன் ஆர்’ என்று இன்றும் வாயில் புழங்குகிறது. அப்படித்தான் அமெரிக்க ஆங்கிலமும். ‘கார்’, ‘ஹார்ட்’ போன்ற சொற்களில் உயிருக்குப் பின் வரும் ரகரத்தை ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுதும் ஒலித்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் அதை விழுங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே கப்பலேறிவிட்ட அமெரிக்கர் பெரும்பாலும் விடவில்லை. இலையுதிர் காலத்தை அவர்கள் ‘ஃபோல்’ என்பதும் இங்கிலாந்திலிருந்து கொண்டுபோன பழைய வழக்கே. அமெரிக்கர் ஆங்கிலத்தைக் கெடுத்தவர்கள் என்று முகம் சுளிக்கும் யாழ்ப்பாணத்துப் பழைய ஆசிரியர்கள் இதைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இங்கிலாந்துக்கு உள்ளேயே ஐம்பது மைல் போனால் பேச்சு மாறும். வடகிழக்கிலும் ஸ்கொற்லாந்திலும் பிள்ளையைப் ‘பேர்ன்’ என்பார்கள். குளிக்கும் ‘பாத்’ வடக்கே ‘பத்’ என்று குறுகும். பழைய இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் பின்பற்றிய மேட்டுக்குடி உச்சரிப்பை இயல்பாகப் பேசுவோர் பிரித்தானியாவில் மிகச் சிறு பகுதியினர்தான். இலங்கைக்கும் தனி ஆங்கிலம் உண்டு; மைக்கல் மெயிலர் 2007இல் அதற்கோர் அகராதியே வெளியிட்டார். தேநீரோடு வரும் றோல்ஸும் பற்றிஸும் இங்கே ‘ஷோர்ட் ஈற்ஸ்’. முன்பின் தெரியாத பெரியவரும் ‘அங்கிள்’. ஒரு குளத்தைச் சுட்ட இலங்கையர் சொல்லும் ‘ராங்க்’ என்ற சொல்லைக் கேட்டால் இலண்டன்காரர் இரும்புத் தொட்டியைத்தான் நினைப்பார்.

1956இன் தனிச் சிங்களச் சட்டம் ஆங்கிலத்தை அரச கரும மேசையிலிருந்து இறக்கியது, தமிழை ஏற்றவில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இடையில் போர். 1990, 1991இல் படை நடவடிக்கைகளின்போது தீவக மக்களில் பெரும்பகுதியினர் ஊரைவிட்டு வெளியேறினர். பாதிப் பேர் இல்லாத வீதிகளைப் புங்குடுதீவில் இன்றும் பார்க்கலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் அந்தந்த ஊர்ப் பெயரில் ஒன்றியங்கள் இருக்கின்றன.

ஆனி மாதத்து நயினாதீவுத் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறுகிறவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால், உலகின் ஆங்கிலங்கள் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கும். இலண்டனில் பிறந்த பிள்ளை தண்ணீர் கேட்டால் நடுவில் உள்ள ‘ற்’ தொண்டையில் சிக்கி ‘வோ–அ’ என்று வரும். கனடாவில் பிறந்த மச்சாளுக்கு அது ‘வாடர்’. கடைசி ரகரம் கணீரென்று கேட்கும். இலண்டன் இளைஞர் பேச்சிலும் ரொறன்ரோ இளைஞர் பேச்சிலும் யமெய்க்காவிலிருந்து வந்தவர்களின் சொற்கள் தாராளம். இரண்டு நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அவற்றைப் பள்ளிக்கூட முற்றத்திலேயே பொறுக்கிக்கொள்கிறார்கள். அப்பம்மா தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா இதே நகரங்களின் தமிழ்க் குடும்பங்களில் மொழி எப்படிக் கைமாறுகிறது என்று ஆராய்ந்திருக்கிறார். அவருடைய 1999ஆம் ஆண்டு நூல், போர்க்கால யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் மாணவர் ஆங்கிலத்தை வெறுமனே விழுங்காமல் தங்கள் போக்கில் வளைத்துக்கொண்டதைப் பதிவுசெய்கிறது.

வளைத்தல் எழுத்திலும் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ‘டிக்கெட்’, ‘டீச்சர்’ என்று எழுதுவதை இலங்கையில் ‘ரிக்கற்’, ‘ரீச்சர்’ என்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு அது சிரிப்பைத் தரும். ஆனால் ஆங்கிலேயர் இந்தச் சொற்களின் முதல் ஒலியை நாக்கை மடித்து டகரமாகச் சொல்வதில்லை. மேற்பல்லுக்குப் பின்னுள்ள அண்விளிம்பைத் தொட்டுச் சொல்கிறார்கள். தமிழில் அதே இடத்தில் பிறப்பது பழைய றகரம். தமிழ்நாட்டுப் பேச்சில் ‘காற்று’ காத்து ஆகிவிட, யாழ்ப்பாணத்து நாக்கு அந்த ற்றகரத்தை விடாமல் வைத்திருந்தது. ஆங்கில ஒலி வந்ததும் இதற்கு நம்மிடம் எழுத்து இருக்கிறது என்று கண்டுகொண்டது. அந்த முறைப்படி எழுதியதுதான் ரொறன்ரோ. கனடாவில் பிறந்த பிள்ளைகள் அதைத் தமிழ் வகுப்பில் எழுத்துக்கு எழுத்து வாசித்து மாட்டிக்கொள்வதுண்டு. அந்த நகரத்துக்காரர்களோ தங்கள் ஊர்ப் பெயரில் நடுவிலுள்ள ஆங்கில ‘ரி’ எழுத்தை விழுங்கிவிட்டு ‘ற்ரோனோ’ என்கிறார்கள்; விழுங்கிய அந்த எழுத்து அதே நகரத்தின் ஸ்காபரோப் பகுதியில் அச்சாகும் தமிழ்ப் பத்திரிகைகளில் குறையாமல் இருக்கிறது.